தொலையாத ஃபைலை மீட்டதற்கு ஒரு பாராட்டுக் கடிதம்

27.2.1989, திங்கட்கிழமை தேதியிட்ட ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாள், ஆங்கிலத் தட்டச்சு, முக்கால் பக்கம். தமிழில் சொன்னால் அதன் சாரம் இது: பிப்ரவரி 13 அன்று தரப்பிரிவில் அழிக்கப்பட்டுவிட்ட பரிசோதனைப் பதிவுகளை மீட்டெடுத்துக் கொடுத்ததற்காகக் கணிப்பொறிப் பிரிவு மேலாளர் திரு. கோதண்டபாணியையும், அவருக்கு உதவிய பராமரிப்பு டெக்னீஷியனான என்னையும் நிர்வாகம் பாராட்டுகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பொய் இருக்கிறது. எதுவும் அழிக்கப்படவில்லை. எதையும் யாரும் மீட்கவில்லை. கடிதத்தை நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதச் சொன்னது சங்கீதா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவர். சென்ற ஆகஸ்டில் போன் செய்தார். ஒருவருடைய லேப்டாப்பில் நெட்வொர்க்கின் பொது ஃபைல்கள் எதுவும் திறக்கவில்லை, ஃபோல்டரே காலியாகத் தெரிகிறது, ‘பயன்படுத்தியவர் அழித்துவிட்டார்’ என்று எழுதி முடித்துவிடட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் போனில் கத்திவிட்டேன். என் கீழ் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. மறுநாள் நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு வேண்டாம் சார், ஏன் கத்தினீங்கன்னு எழுதிக் குடுங்க, எங்க ஆளுங்க எல்லாரும் படிக்கட்டும் என்றார். அதனால் எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளை மாற்றவில்லை. அவை என் டைரியில் இருப்பவை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் காரிமங்கலம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமா முடித்து, 1983இல் ஓசூர்ப் பக்கம் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்தப் பகுதி இன்று வேறு மாவட்டம். அன்று தர்மபுரி மாவட்டம். ஐந்து வருடம் உலையின் வெப்பமானிகளையும் எடைமேடைகளையும் பழுது பார்த்தேன். 1988இல் கணிப்பொறிகள் வந்தபோது, சால்டரிங் தெரிந்தவன் என்பதால் என்னைப் பெங்களூருக்கு ஒன்பது நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் ஏழு நாள் கேபிளைப் பற்றி. யார் எந்த ஃபைலைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற உரிமைகளைப் பற்றி அரை நாள். அந்த அரை நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் தூங்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் நெட்வொர்க் மிகச் சிறியது. கண்ணாடி அறைக்குள் குளிர்சாதனம் போட்டு ஒரு பெரிய கணிப்பொறி, அதுதான் சர்வர். அதன் வட்டில், அதாவது டிஸ்க்கில்தான், எல்லோருடைய ஃபைல்களும் இருக்கும். அங்கிருந்து விரல் பருமன் கறுப்புக் கேபிள் ஒன்று சுவரோரமாக ஓடி, தரப்பிரிவு, கிடங்கு, வடிவமைப்பு என்று ஆறு மேசைகளைத் தொட்டு முடியும். ஒவ்வொரு மேசையிலும் T வடிவத்தில் ஒரு பித்தளை இணைப்பு. கேபிளின் இரு முனையிலும் மூடி போல ஒரு சிறு துண்டு திருகியிருக்கும். அந்த மூடிக்குள் ஐம்பது ஓம் மின்தடை. ஒரு மூடி கழன்றாலும் ஆறு மேசையும் நின்றுபோகும். யாராவது காலால் கேபிளை உதைத்துவிட்டால் அன்று எனக்கு வேலை.

ஒவ்வொருவருக்கும் உள்ளே நுழைய ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். யாருக்கு எந்த டைரக்டரியை, இன்றைய பேச்சில் ஃபோல்டரை, திறக்க உரிமை என்பதை சர்வரில் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதும் அதிகாரம் உள்ள தலைமைக் கடவுச்சொல்லைக் கோதண்டபாணி ஒரு கவரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கவரைத் திறக்க ஜெனரல் மேனேஜரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று அவரே ஒரு விதி எழுதி, அதற்கு எண்ணும் கொடுத்திருந்தார்.

கோதண்டபாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்குப் பக்கம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பச்சை மசிப் பேனா. பெருக்குகிற அம்மாவையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ‘எழுத்துல வரட்டுங்க’ என்பார். எழுத்தில் கொண்டுபோனால் வரி வரியாகப் படித்து, பச்சை மசியில் காற்புள்ளி திருத்தி, வாங்கி மேசை இழுப்பறையில் வைப்பார். அந்த இழுப்பறைக்குள் போனது வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. சத்தம் போடுகிற அதிகாரியிடம் நாமும் சத்தம் போட்டுவிட்டு வரலாம். இவரிடம் வாய் திறந்தால் நமக்கே மரியாதை கெட்டது போல இருக்கும். ஐந்து வருடம் அதை நான் பண்பு என்று நினைத்திருந்தேன்.

பழுது வேலைக்கு அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. பழுது என்று அழைப்பு வந்தால், அரை மணி நேரத்துக்குள் ஒரு மஞ்சள் சீட்டு எழுதித் தர வேண்டும். அதில் ‘குறை’ என்று ஒரு கட்டம், ‘காரணம்’ என்று ஒரு கட்டம். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் சீட்டு திரும்பி வரும். இன்னும் சோதிக்கவில்லை என்று எழுதினாலும் திரும்பி வரும். அதனால் நாங்கள் எல்லோரும் முதலில் காரணத்தை எழுதிவிட்டு, பிறகு சோதிக்கப் பழகியிருந்தோம். இந்தக் கேட்டை நான் புரிந்துகொள்ள ஒரு பெண்ணின் வேலை பறிபோக வேண்டியிருந்தது.

அந்தப் பெண் ஆரோக்கியமேரி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா சின்னப்பன் மூன்று ஏக்கரில் மரவள்ளியும் மஞ்சளும் வைத்திருந்தார். வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் இவர். தரப்பிரிவில் ஒவ்வொரு வார்ப்பின் அளவுகளையும் கடினத்தன்மைச் சோதனை முடிவுகளையும் கணிப்பொறியில் ஏற்றுவது வேலை. தகுதிகாண் பருவம் 1989 பிப்ரவரி 28ஆம் தேதி முடிகிறது. அன்று நிரந்தர உத்தரவு வர வேண்டும். பரிசோதனை டைரக்டரியைத் திறக்க உரிமை இரண்டு பேருக்கு இருந்தது. மற்றவர் டிசம்பரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். தரப்பிரிவுத் தலைவர் கணிப்பொறியைத் தொடமாட்டார்; காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் பார்ப்பார். நகல் எடுத்து வைக்கும் டேப் கருவி வரும் வரும் என்று ஒரு வருடமாகக் கடிதத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கல்யாணம் ஜனவரி 30. தவக்காலம் பிப்ரவரி 8இல் தொடங்குவதால் அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாக வைத்தார்கள். மாப்பிள்ளை லூர்துசாமி, இண்டூர்க்காரர், ஓசூரிலேயே வேறொரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஜனவரி 28, சனிக்கிழமை வரை வேலை பார்த்துவிட்டு, எல்லா மேசைக்கும் பத்திரிகை வைத்துவிட்டு விடுப்பில் போனார். திரும்பி வந்தது பிப்ரவரி 13, திங்கட்கிழமை. அந்த வாரம் வியாழக்கிழமை, வார்ப்பு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. பதினோரு மாதப் பதிவுகளையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அன்று காலை 9.20க்கு எனக்கு அழைப்பு. போனேன். திரையில் பரிசோதனை டைரக்டரி திறந்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பூஜ்யம் ஃபைல்கள். மேரி கையில் இன்னும் மருதாணி. ‘நான் இப்பத்தான் ஒக்காந்தேங்க’ என்று மட்டும் சொன்னார். தரப்பிரிவுத் தலைவர் எனக்குப் பின்னால் நின்று வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 9.50க்கு மஞ்சள் சீட்டு எழுதினேன். குறை: டைரக்டரி காலி. காரணம்: ஃபைல்கள் அழிக்கப்பட்டுள்ளன.

இரண்டு வார்த்தை. ஒரு திருகைக்கூட இன்னும் தொடவில்லை. காலியாகத் தெரிந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரியும். கட்டம் கேட்டது, நிரப்பினேன்.

பிறகுதான் சோதனை. எல்லோரையும் நெட்வொர்க்கிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டு, 10.05க்கு மேரியின் மேசையில் T இணைப்பைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை வைத்தேன். நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையில் இருபத்தைந்து ஓம் காட்டியது. இரு முனையிலும் ஐம்பது ஐம்பது ஓம் மூடி சரியாக இருந்தால் இருபத்தைந்துதான் காட்ட வேண்டும். ஒன்று கழன்றிருந்தால் ஐம்பது காட்டும். ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது. கணிப்பொறியைத் திறந்து நெட்வொர்க் அட்டையை எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினேன். அதே காலி. மேரியைக் கிடங்கு மேசைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து அவர் பெயரில் நுழையச் சொன்னேன். அங்கேயும் காலி. கிடங்குக்காரரை மேரியின் மேசையில் உட்கார வைத்து அவர் பெயரில் நுழையச் சொன்னேன். அவருடைய ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

அதாவது மேசையில் கோளாறு இல்லை. கோளாறு ஆளோடு சேர்ந்து நடக்கிறது. நெட்வொர்க் வேலையில் இருக்கிறவர்கள் இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும் என்று பிறகு முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அதைச் செய்து முடித்தபோது மணி 11.40. 11.30க்கே மேரிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். ‘பராமரிப்பு டெக்னீஷியனின் அறிக்கைப்படி’ என்று அது தொடங்கியது. அந்த டைரக்டரியில் அழிக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே இருந்ததால், ஃபைல்கள் அழிந்ததற்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும் என்று முடிந்தது. என் இரண்டு வார்த்தை தட்டச்சாகி, எண் வாங்கி, ஒரு பெண்ணின் கைக்குப் போய்ச் சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த அலுவலகத்தில் வேறு எந்தக் காகிதமும் அத்தனை வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

மதியம் 2.40. பணியாளர் பிரிவுக்குப் போயிருந்தேன், வேறு வேலையாக. அங்கே குமாஸ்தா முனிரத்தினம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கெட்டவர் இல்லை. மேரி அவர் மேசையில் நின்று, மெமோ பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முனிரத்தினம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, இன்னும் C போடறியே. L போடும்மா. லூர்துசாமி கோவிச்சுக்கப் போறாரு.”

“நான் மாத்தச் சொல்லலீங்களே,” என்றார் மேரி. “பேங்க்குல, சர்ட்டிபிகேட்டுல எல்லாம் C தானுங்க.”

“நீ சொல்லணுமா? பத்திரிகை வெச்சியே. வருகைப் பதிவேடு, இன்சூரன்ஸ் அட்டை, கணிப்பொறி வரைக்கும் எல்லாம் நானே மாத்த எழுதிட்டேன். என் கல்யாணப் பரிசுன்னு வெச்சுக்கோ.”

நான் மேரி பக்கம் திரும்பினேன். காலையில் எந்தப் பெயரில் உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்ததாம். C என்பதற்குப் பதிலாக L என்று அடிக்கவும் என்று எழுதியிருந்ததாம். அதன்படி அடித்தாராம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க கேக்கலீங்களே என்றார். உண்மை. எந்த மேசை, எந்த ஃபைல் என்றெல்லாம் கேட்ட நான், நீங்கள் யாராக உள்ளே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். பச்சை மசி, கீழே 10ஆம் தேதி.

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அப்பாவின் இனிஷியல் போய்ப் புருஷனின் இனிஷியல் வரும். யாரும் அவளைக் கேட்பதில்லை, ஊரே மாற்றிவிடும். முனிரத்தினத்தின் குறிப்பு கிடைத்ததும் கோதண்டபாணி பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை சர்வரில் உட்கார்ந்து பெயரை மாற்றியிருக்கிறார். அந்த மென்பொருளில் பெயரை மட்டும் திருத்த ஒரு பொத்தான் உண்டு. அவர் அதைத் தொடவில்லை. பழைய பெயரை அழித்தார். புதிய பெயரைப் புதிய ஆளாகச் சேர்த்தார். சர்வருக்குப் பெயர் முக்கியமில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் அது உள்ளே ஒரு எண் வைத்திருக்கும். உரிமைகள் அந்த எண்ணோடு ஒட்டியவை. பழைய எண் போனதும் மேரியின் உரிமை எல்லாம் போயிற்று. உரிமை இல்லாதவருக்கு அந்த சர்வர், உனக்கு அனுமதி இல்லை என்று சொல்லாது. டைரக்டரியைக் காலியாகக் காட்டும். பெங்களூரில் அந்த அரை நாளில் சொன்னது இதுதான். பதினோரு மாதப் பதிவும் வட்டில் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

3.10க்கு எழுத்தில் கொண்டுபோனேன். இந்த முறை ஒரு முழுப் பக்கம், சோதனைகளையும் நேரங்களையும் வரிசையாக எழுதி, ஃபைல்கள் அழியவில்லை, காலையில் நான் கொடுத்த சீட்டு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று முடித்திருந்தேன். கோதண்டபாணி முழுவதும் படித்தார். ஒரு காற்புள்ளி போட்டார்.

“தெளிவா இருக்குங்க,” என்றார்.

“தலைமைப் பேர்ல நுழைஞ்சு பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுரும் சார். எல்லாம் அங்கதான் இருக்கும்.”

“கவர் திறக்கணுமே. ஜி.எம். அனுமதி வேணும். மெட்ராஸ் போயிருக்காருங்க. வியாழக்கிழமைதான் வர்றாரு.”

“வெள்ளிக்கிழமை பேர் மாத்தினப்ப கவர் திறந்துதானே சார் இருந்திருக்கும்?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “அது வழக்கமான பணிங்க. இது விசாரணையில இருக்கற விஷயம். நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க.” தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். மூடினார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அந்த இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்திருக்க வேண்டும். வேறொரு நகலைக் கொண்டுபோய்த் தரப்பிரிவுத் தலைவரின் மேசையில் போட்டிருக்க வேண்டும். என்னிடம் கார்பன் நகல்கூட இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான், அன்று அவசரத்தில் கார்பன் வைக்கவில்லை. டைரியில் இரண்டு வரிச் சுருக்கம் மட்டும் இருக்கிறது.

மறுநாள் செவ்வாய், பிப்ரவரி 14, காலை பத்து மணிவாக்கில் மேரி என்னைத் தேடி மின்னணுப் பட்டறைக்கு வந்தார். தரப்பிரிவுத் தலைவர் இரண்டு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறாராம். கொடுத்தால் முடிந்துவிடுமாம், கொடுக்காவிட்டால் விசாரணை என்று நீளுமாம். 28ஆம் தேதிக்குள் அது முடியாதாம். வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்துவிடு, எதுக்கு வம்பு என்கிறாராம்.

“நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்றார்.

“நான் ரிப்போர்ட் குடுத்துட்டேனுங்க. எல்லாம் அதுல தெளிவா இருக்கு,” என்றேன்.

ஃபைல் அழியலீங்க, எழுதாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டது அதைத்தான். 11.20க்கு எழுதிக் கொடுத்தார். விடுப்புக்கு முன்பு வேலை அவசரத்தில் தன்னை அறியாமல் ஃபைல்கள் அழிந்திருக்கலாம், மன்னிக்கவும் என்று எழுதி, முனிரத்தினம் சொன்னபடி L. ஆரோக்கியமேரி என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் புதிய எழுத்தோடு அவர் கையெழுத்திட்ட முதல் காகிதம் அது.

புதன்கிழமை, 15ஆம் தேதி, காலை 11.10. கோதண்டபாணி என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கவர் திறந்து மேசை மேல் இருந்தது. தலைமைப் பெயரில் நுழைந்தார். பரிசோதனை டைரக்டரியைத் திறந்தார். வார்ப்பு எண், தேதி, அளவு என்று ஃபைல்கள் திரை முழுக்க இறங்கின. எண்ணவில்லை, எண்ண வேண்டிய அவசியம் இல்லை. மேரியின் புதிய பெயருக்கு உரிமையைச் சேர்க்க இன்னும் ஒரு நிமிடம். ஜி.எம். அன்றும் மெட்ராசில்தான் இருந்தார். மறுநாள் ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்றதும் முறை கவரோடு சேர்ந்து கிழிந்துவிட்டது. திங்கள் மாலை 3.10 முதல் புதன் காலை 11.10 வரை நாற்பத்து நான்கு மணி நேரம். அந்த நாற்பத்து நான்கு மணிக்குள்தான் மன்னிப்புக் கடிதம் வாங்கப்பட்டது. திங்கட்கிழமை மாலைக்கு முன்பு அவருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்கலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் தாளைப் படித்த பிறகு தெரியவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

“ஃபைல் கெடைச்சுருச்சுங்க,” என்று அவர் தரப்பிரிவுக்குப் போனில் சொன்னார். கிடைச்சுருச்சு. அந்த வார்த்தை அப்படியே அறிக்கைக்குப் போய் மீட்கப்பட்டன என்று ஆயிற்று. மீட்கப்பட்டது என்றால் முதலில் தொலைந்திருக்க வேண்டும். தொலைந்தது என்றால் தொலைத்தவர் ஒருவர் வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தயாராக ஒருவர் இருந்தார். பொய் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளைப் பார்த்து எழுதப்பட்டது. அந்த அடுக்கின் அடியில் இருந்தது என் மஞ்சள் சீட்டு.

27ஆம் தேதி எங்கள் இருவருக்கும் பாராட்டுக் கடிதம். 28ஆம் தேதி மேரிக்கும் ஒரு கடிதம். கவனக்குறைவை அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் பணி நிரந்தரம் செய்ய இயலவில்லை. நான் கோதண்டபாணியிடம் போனேன். என் இரண்டாவது ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது கோப்பில் இருக்குங்க என்றார். எந்தக் கோப்பில் என்றேன். எழுத்துல கேளுங்க என்றார். எழுதிக் கேட்டேன், இரண்டு முறை. பதில் இல்லை. மூன்றாவது முறை எழுதவில்லை. எனக்கு அந்த வருடம் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை இண்டூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். வேலை போன பின் மாமியார் வீட்டில் இருந்தார். வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சர்வர், எண், உரிமை, பச்சை மசிச் சீட்டு எல்லாம். அவர் கடலையைக் கிளறிக்கொண்டே கேட்டார். ஏப்ரல் மாதம் ஓசூரில் இன்னொரு தொழிற்சாலையில் தேர்வு எழுதியதாகவும், முதலாவதாக வந்ததாக அங்கிருப்பவர்களே சொன்னதாகவும், பழைய கம்பெனியில் விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றவர்கள் பிறகு கூப்பிடவே இல்லை என்றும் சொன்னார். நான் வேண்டுமானால் அவர்களிடம் வந்து பேசுகிறேன் என்றேன்.

“உங்க மொதல் சீட்டுலயும் அழிச்சாச்சுன்னுதானே சார் இருந்துச்சு?” என்றார். “மெமோல படிச்சேன். நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சுத்தான், நாந்தான் எங்கியோ கையை வெச்சுட்டேனாட்டம்னு எழுதிக் குடுத்தேன்.”

அதுவரை எனக்கு அது தெரியாது. வீட்டுக்காரர் சொன்னார் என்றோ, தலைவர் மிரட்டினார் என்றோதான் எழுதிக் கொடுத்தார் என நினைத்திருந்தேன். என்னை நம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தொழிற்சாலைக்கு மறுநாளே போனேன். இடம் நிரப்பியாகிவிட்டது என்றார்கள். ஆரோக்கியமேரி அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை.

2006இல் காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பந்திக்குக் காத்திருந்தபோது மேரியின் பேச்சை அவரே எடுத்தார். இனிஷியலை மாற்றியதை நினைத்தால் இன்னும் சோறு இறங்குவதில்லை என்றார். பிறகு சொன்னார்: அந்த இன்னொரு தொழிற்சாலையிலிருந்து மேரியின் நடத்தை பற்றிக் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதிலுக்கு வாசகம் சொன்னது கோதண்டபாணி, தட்டச்சு செய்தது முனிரத்தினம். வாசகத்தில் ஒன்றும் கெடுதலாக இல்லை, பணிபுரிந்த காலமும் பதவியும் மட்டும்தான். ஆனால் கடைசியில் ‘இணைப்பு: பராமரிப்பு டெக்னீஷியனின் அறிக்கை’ என்று இருந்தது. கவரை ஒட்டியது கோதண்டபாணி.

“எந்த அறிக்கைங்க? மஞ்சள் சீட்டா, முழுப் பக்கமா?” என்றேன்.

“நான் பாக்கலப்பா. இப்ப வந்து அதைக் கேட்டா நான் என்ன பண்ணட்டும்?” என்றார் முனிரத்தினம்.

2007இல் அனுமதி வாங்கிப் பழைய காகிதக் கிடங்கில் இரண்டு நாள் தேடினேன். அனுப்பிய கடிதங்களின் பதிவேட்டில் அந்த வரி இருக்கிறது: 19.5.1989, வெள்ளிக்கிழமை, பெறுநர் பெயர், இணைப்பு 1. கடிதத்தின் அலுவலக நகல் இல்லை. மேரியின் பணிக்கோப்பில் மெமோ இருக்கிறது, மன்னிப்புக் கடிதம் இருக்கிறது. மஞ்சள் சீட்டு இல்லை. என் முழுப் பக்க ரிப்போர்ட்டும் இல்லை. மேரி தேர்வு எழுதிய அந்தத் தொழிற்சாலை 1997இல் மூடப்பட்டது. அதன் காகிதங்கள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோதண்டபாணி 2001இல் இறந்துவிட்டார். 19.5.1989 அன்று ஆரோக்கியமேரியைப் பற்றி எழுதிய கடிதத்தோடு என் இரண்டு காகிதங்களில் எது போயிற்று என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.